பின்சீட்டுக்கு அடியில் ஒரு முனகல்

வண்டி வாகனம்: வாசகர் கேள்விகளுக்குப் பல்லடம் மெக்கானிக் ஒருவரின் பதில்கள்

சித்திரை வெயில் ஏறியதும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெட்ரோல் பம்ப் பற்றித்தான். பங்க்கில் நிற்கிற பம்ப்பைச் சொல்லவில்லை. காரின் டேங்க்குக்குள் உட்கார்ந்துகொண்டு எஞ்சினுக்குப் பெட்ரோல் தள்ளுகிற கைப்பிடி அளவு மோட்டாரைச் சொல்கிறேன். எல்லாக் கடிதங்களுக்கும் தனித்தனியாக எழுத முடியவில்லை. ஒரே மாதிரிக் கேள்விகளில் விவரமாக எழுதியவர்களின் கடிதத்தை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எங்களிடம் 2005 மாடல் சான்ட்ரோ ஜிங் இருக்கிறது. கொஞ்ச நாளாகப் பின்சீட்டுப் பக்கம் 'ங்ஙொய்ங்' என்று ஒரு சத்தம். காலையில் அவ்வளவாகத் தெரிவதில்லை. மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு ஈரோடு போகும்போது காதைத் துளைக்கிறது. ஓட்டத்தில் எந்தக் குறையும் இல்லை. உள்ளூர் மெக்கானிக் தம்பி, "பம்ப் போச்சுங்க டீச்சர், முழு செட்டும் மாத்திரலாம்" என்கிறார். அவர் சொன்ன தொகையைக் கேட்டதிலிருந்து வீட்டுக்காரர் வண்டியையே கொடுத்துவிடலாம் என்கிறார். என்ன செய்யட்டுங்க?
– ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்

பதில்: வண்டியைக் கொடுக்க வேண்டாங்க டீச்சர். பம்ப்பையும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றை முதலில் கேட்கிறேன். டேங்க்கில் வழக்கமாக எவ்வளவு பெட்ரோல் இருக்கும்? ஐந்நூறு ரூபாய்க்கு அடித்துக்கொண்டு, முள் சிவப்புக் கோட்டைத் தொட்டபடியே ஓட்டுகிறவர் என்றால் பாதிப் பதில் அங்கேயே இருக்கிறது.

கோபிக்காரர்களுக்குக் கொடிவேரித் தண்ணீர் தடப்பள்ளி வாய்க்காலில் வந்துவிடுகிறது. எங்கள் பல்லடம் பக்கம் போர்வெல்லை நம்பித்தான் தோட்டம். குழிக்குள் இறக்கிய சப்மெர்சிபிள் மோட்டார், சுற்றிலும் தண்ணீர் நின்றால்தான் சூடாகாமல் ஓடும். தண்ணீர் மட்டம் இறங்கிக் காற்றை இழுக்க ஆரம்பித்தால் மேலே குழாயடியில் நிற்கிறவனுக்கே சத்தம் மாறுவது தெரியும். அப்போது யாரும் மோட்டார் போச்சு என்று ஓடமாட்டார்கள். தண்ணீர் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். உங்கள் காரின் டேங்க்குக்குள் இருப்பதும் அதே ஏற்பாடுதான். பம்ப் மோட்டாரின் உள்ளேயே பெட்ரோல் பாய்ந்து போகிறது. அதைக் குளிர வைப்பதும் பெட்ரோல், வழுக்க வைப்பதும் பெட்ரோல்.

டேங்க்கில் பெட்ரோல் குறைவாக இருந்து, மேலே வெயிலும் கீழே தார் ரோட்டின் சூடும் சேர்ந்தால் இருக்கிற கொஞ்சமும் சீக்கிரம் சூடேறிவிடும். பெட்ரோல் என்பது பல பொருட்களின் கலவை. அதில் லேசானவை 40 டிகிரிக்குள்ளேயே ஆவியாகத் தொடங்கும். பம்ப் உறிஞ்சும் இடத்தில் அழுத்தம் குறைவு என்பதால் அங்கே இன்னும் சுலபமாகக் குமிழி கட்டும். அந்தக் குமிழிகள் பம்ப்புக்குள் போய் நசுங்கும்போது வருவதுதான் நீங்கள் சொல்கிற 'ங்ஙொய்ங்'. காலையில் கேட்காமல் மத்தியானம் கேட்பதற்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் அதற்கும் முன்னால், அது பம்ப்பின் சத்தம்தானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். பின்பக்கம் கேட்பதெல்லாம் பம்ப் ஆகாது. பின்சக்கர பேரிங் தேய்ந்தாலும் இப்படித்தான் முனகும். சமமான, ஆளில்லாத ரோட்டில் மிதமான வேகத்தில் போகும்போது கியரை நியூட்ரலுக்குத் தள்ளிப் பாருங்கள். எஞ்சினை அணைக்கக் கூடாது, பிரேக்கும் ஸ்டீயரிங்கும் அதை நம்பித்தான் இருக்கின்றன. வண்டி வேகம் குறையக் குறைய முனகலும் இறங்கினால் சக்கரப் பக்கம் பார்க்கணும். நிறுத்தி வைத்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது சத்தம் அதோடு சேர்ந்து ஏறி இறங்கினால் ஆல்டர்னேட்டர், பெல்ட், பவர் ஸ்டீயரிங் என்று முன்பக்கத்துச் சமாசாரம். இந்தக் காலத்து வண்டிகளில் பெட்ரோல் பம்ப் எஞ்சின் வேகத்தைப் பார்த்து ஓடுவதில்லை, பேட்டரியைப் பார்த்து ஓடுகிறது. அதனால் அதன் சத்தம் ஏறக்குறைய ஒரே சுருதியில் இருக்கும்.

இன்னொரு சோதனைக்கு வீட்டுக்காரரையே கூப்பிட்டுக்கொள்ளுங்கள். பின்சீட்டு மெத்தையைத் தூக்கினால் அடியில் ஒரு மூடி இருக்கும். அவரை அதன்மேல் காதை வைக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்புங்கள், செல்ஃப் அடிக்க வேண்டாம். பம்ப் இரண்டு நொடி ஓடி நின்றுவிடும். லைனில் பிரஷர் ஏற்றுவதற்காகக் கம்ப்யூட்டர் அப்படிச் செய்கிறது, அது ஆரோக்கியமான சத்தம். அந்த இரண்டு நொடியில் கேட்பதும் ரோட்டில் கேட்பதும் ஒரே குரலா என்று அவர் சொல்லட்டும்.

அப்புறம் டேங்க்கை நிரப்பி ஒரு வாரம் ஓட்டுங்கள். சத்தம் அடங்கிவிட்டால் இனிமேல் கால் டேங்க்குக்குக் கீழே விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். நிரப்பியும் அடங்கவில்லை என்றால் மெக்கானிக் தம்பிக்கு வேலை இருக்கிறது. ஆனால் அவர் சொன்ன வேலை முதலில் இல்லை.

பம்ப்பின் அடியில், உறிஞ்சும் பெட்ரோலை வடிகட்ட சாக்ஸ் மாதிரி ஒரு ஜாலி இருக்கும். இருபது வருட வண்டியில் அதைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். வெள்ளையாக இருந்த வலை பழுப்பேறி, விரலால் வழித்தால் மைமாதிரி ஒட்டும். மூச்சடைத்த பம்ப் கத்தத்தான் செய்யும். பெட்ரோல் ஃபில்டரும் அப்படியே. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. ஜாலி அடைத்தால் பம்ப்புக்குப் பெட்ரோல் கிடைக்காமல் குமிழிச் சத்தம் வரும். ஃபில்டர் அடைத்தால் பெட்ரோல் கிடைக்கும், தள்ள வழி இருக்காது. பம்ப் திணறி மோட்டார் சூடாகும்.

அடுத்தது கரண்ட். பம்ப் ஓடும்போது அதன் சாக்கெட்டில் மல்டிமீட்டரை வைத்து அளக்கச் சொல்லுங்கள். பேட்டரி முனையில் இருப்பதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் எங்கோ வயர் கரண்ட்டைத் தின்கிறது. பெரும்பாலும் எர்த் வயரின் போல்ட்டில் துரு, இல்லாவிட்டால் சாக்கெட்டின் பின் கருகியிருக்கும். பம்ப்புக்குக் கரண்ட்டைத் திறந்து மூடுகிற சுவிட்சான ரிலேயும் சந்தேகக் கேஸ்தான். இதெல்லாம் உப்புத்தாளும் ஒரு புது சாக்கெட்டுமாக முடிகிற செலவு.

கடைசியாக பிரஷர் கேஜ். கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைத் தெளிக்கிற இந்த மாதிரி எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் லைனின் பிரஷர் பொதுவாக 3 பார் (பிரஷரை அளக்கும் அலகு) சுற்றுவட்டத்தில் நிற்க வேண்டும். துல்லியமான அளவு உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும், அதுதான் கணக்கு. அளவு அதிகமாகக் காட்டினால் பிரஷர் ரெகுலேட்டர் சிக்கியிருக்கிறது, அல்லது பெட்ரோல் திரும்பி வருகிற குழாய் எங்கோ நசுங்கியிருக்கிறது. அந்த எதிரழுத்தத்தில் நல்ல பம்ப்பும் கத்தும். குறைவாகக் காட்டினால் ஜாலியும் ஃபில்டரும் புதிதாக இருந்தும் குறைகிறதா என்று பார்த்து, அப்போது பம்ப்பைக் குற்றம் சொல்லலாம். கேஜ் மாட்டாமல் "பம்ப் போச்சு" என்று சொல்லுகிறவரிடம், "கேஜ் ரீடிங் எவ்வளவு தம்பி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். டீச்சர் கேட்டால் பதில் சொல்லித்தானே ஆகணும்.

கேள்வி: 2004 மாடல் ஆக்சென்ட் பெட்ரோல் வண்டி. முன்பு பம்ப் சத்தம் பலமாக இருந்தது. இப்போது சில நாள் சத்தமே வருவதில்லை, வண்டியும் ஸ்டார்ட் ஆவதில்லை. அடியில் குனிந்து டேங்க்கை ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினால் உடனே எடுத்துக்கொள்கிறது. தோப்பு வேலைக்குச் சுத்தியலோடே போய் வருகிறேன். நானே பம்ப் மாற்றலாமா? தேங்காய்க் களத்து மோட்டாரெல்லாம் நானேதான் கழற்றி மாட்டுவேன்.
– தேங்காய் வியாபாரி, பொள்ளாச்சி

பதில்: உங்களுக்குத்தான் பம்ப் மாற்றச் சொல்வேன். தட்டினால் ஓடுகிறது என்றால் மோட்டாருக்குள் கரண்ட்டைக் கொண்டுபோகும் கார்பன் பிரஷ் தேய்ந்து, அது உரசிச் செல்லும் சுழல் வளையமான கம்யூட்டேட்டரில் ஒரு இடத்தில் ஒட்டாமல் நிற்கிறது. தட்டும் அதிர்ச்சியில் கொஞ்சம் நகர்ந்து ஒட்டிக்கொள்கிறது. இது ரிப்பேர் ஆகிற சாமான் இல்லை. ஒருநாள் ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும்போது நிற்கும். நாற்பது கொண்டை ஊசி வளைவில் எங்கே குனிந்து தட்டுவீர்கள்?

மோட்டார் கழற்றத் தெரிந்தவருக்கு இது பெரிய வேலை இல்லை. ஆனால் களத்து மோட்டாரில் இல்லாத ஒரு எமன் இதில் உண்டு, பெட்ரோல் ஆவி. அது காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து போய், நாலு கஜம் தள்ளி எரிகிற அடுப்பைத் தேடிப் பிடிக்கும். அதனால் திறந்த வெளியில் செய்யுங்கள். களத்தில் கொப்பரை உலர்த்தும் சூளை எரிகிற நாளில் வேண்டவே வேண்டாம். குண்டு பல்பு விளக்கு கூடாது, எல்.இ.டி. டார்ச் போதும். பவுடர் வகைத் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

டேங்க்கில் கால்வாசிக்கும் குறைவாகப் பெட்ரோல் இருக்கிற நாளாகப் பாருங்கள். முதலில் லைனில் இருக்கும் பிரஷரை இறக்கணும். எஞ்சின் ஓடும்போதே பம்ப் ஃபியூஸையோ ரிலேயையோ பிடுங்கினால் கொஞ்ச நேரத்தில் தானாக அணையும். அதன்பின் சில நொடி செல்ஃப் அடித்துவிட்டு பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றி ஓரமாக வையுங்கள். உங்கள் பம்ப் ஓடாத நாளில் எஞ்சின் எடுக்காது, அப்போது ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுச் செல்ஃப் மட்டும் அடியுங்கள், பிரஷர் மிச்சம் இருக்காது என்று நம்பிக் குழாயில் கை வைக்காதீர்கள். குழாயைக் கழற்றும்போது மேலே துணியைப் போர்த்திக்கொண்டு மெல்ல விடுங்கள்.

அதற்கும் முன்னால், பின்சீட்டைத் தூக்கியதும் மூடியைச் சுற்றி எவ்வளவு மண் அப்பிக் கிடக்கிறது என்று பாருங்கள். தோப்புக்குள் ஓடுகிற வண்டியில் செம்மண்ணும் தேங்காய் நாருமாக ஒரு படலமே இருக்கும். காற்றடித்து, துடைத்து, பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் சுத்தம் செய்யாமல் மூடியைத் திறந்தால் அத்தனையும் டேங்க்குக்குள் போய்ப் புது ஜாலியில் போய் உட்காரும். பம்ப் மாற்றிய மூன்றாம் மாதமே மறுபடி சத்தம் என்று வருகிற வண்டிகளில் நான் பார்க்கிற காரணம் இதுதான்.

பம்ப் செட்டைப் பிடித்திருப்பது சில வண்டிகளில் சுற்றிலும் போல்ட், சிலவற்றில் திருகு வளையம். வளையமாக இருந்தால் இரும்பு உளியால் அடிக்கக் கூடாது, பொறி பறக்கும். பித்தளையோ மரக்கட்டையோ வைத்துத் தட்டுங்கள். வெளியே எடுக்கும்போது பெட்ரோல் அளவு காட்டும் மிதவையின் கம்பி வளைந்துவிடாமல் சாய்த்து எடுக்கணும். கம்பி வளைந்தால் டேங்க் நிரம்பியிருந்தும் மீட்டர் கால்வாசி காட்டிக்கொண்டிருக்கும். எந்தப் பக்கம் எது பார்த்து இருந்தது என்று போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துவிடலாம், ஆனால் மூடியைத் திறப்பதற்கு முன்பே எடுத்துவிட்டுப் போனைத் தள்ளி வையுங்கள்.

முழு செட் வாங்க வேண்டியதில்லை. மோட்டார் மட்டும் ஸ்பேர்ஸ் கடையில் தனியாகக் கிடைக்கும். பழைய மோட்டாரைக் கையோடு கொண்டுபோய் அளவும் சாக்கெட்டும் ஒத்துப்பார்த்து வாங்குங்கள். அதோடு மூன்று சில்லறைச் சாமான்களையும் பழையதைப் போடாமல் புதிதாக வாங்கணும். ஒன்று ஜாலி. இரண்டாவது மூடியின் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம், பெட்ரோலில் ஊறிய ரிங் வெளியே வந்ததும் பருத்துப்போய் பள்ளத்தில் உட்காராது. மூன்றாவதைத்தான் பல பேர் தவறவிடுகிறார்கள். பம்ப்பிலிருந்து மூடிக்குப் போகும் சின்ன ஹோஸ். சாதாரணப் பெட்ரோல் ஹோஸின் உட்புறம்தான் பெட்ரோலைத் தாங்கும், வெளிப்புறம் தாங்காது. இந்த ஹோஸோ முழுக்கப் பெட்ரோலுக்குள் மூழ்கிக் கிடக்கிறது. கடையில் "டேங்க்குக்குள்ள போடற ஹோஸ்" என்று கேட்டே வாங்குங்கள். மற்றதைப் போட்டால் சில மாதத்தில் வெடித்து, பம்ப் தள்ளும் பெட்ரோல் அங்கேயே திரும்பக் கொட்டும். பிரஷர் ஏறாது. புது பம்ப்பும் டூப்ளிகேட் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவீர்கள்.

பம்ப்பைத் தாங்கும் ரப்பர் மெத்தையையும் மறக்காமல் திரும்ப வையுங்கள். அது இல்லாமல் மாட்டினால் புது பம்ப்பின் அதிர்வு நேராக டேங்க்கில் இறங்கி, பழசைவிட அதிகமாக முனகும்.

மேசைமேல் வைத்து பேட்டரி கொடுத்து ஓட்டிப் பார்க்கும் ஆசை வரும். தயவுசெய்து வேண்டாம். காய்ந்த பம்ப்பை ஓட்டுவது அதற்கும் ஆகாது, பெட்ரோல் வாசனைக்கு நடுவே பொறி பறந்தால் உங்களுக்கும் ஆகாது. எல்லாம் மாட்டி, குறைந்தது பத்து லிட்டர் ஊற்றி, அப்புறம்தான் பேட்டரி வயர். சாவியை ஆன் செய்து, இரண்டு நொடி விட்டு, ஆஃப் செய்து, இப்படி நாலைந்து முறை. மூடியைச் சுற்றி விரலால் தடவி ஈரமில்லை என்று பார்த்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்கள். மறுநாள் காலை வண்டிக்குள் பெட்ரோல் வாடை அடித்தால் ரிங் சரியாக உட்காரவில்லை. ஓட்டாமல் திரும்பக் கழற்றுங்கள்.

கேள்வி: கேஸ் கிட் போட்ட கார். டாக்ஸி ஓட்டம். ஒரே வருசத்தில் இரண்டாவது பெட்ரோல் பம்ப் போய்விட்டது. பெட்ரோலில் ஓட்டுவதே இல்லையே, பம்ப் எப்படிப் போகும்?
– டாக்ஸி டிரைவர், ஈரோடு

பதில்: பெட்ரோலில் ஓட்டாததால்தான் போகிறது தம்பி. நீங்கள் கேஸுக்கு மாற்றியதும் இன்ஜெக்டர்தான் நிற்கிறது. பல கிட்களில் பம்ப் நிற்பதில்லை. டேங்க்கில் ரெண்டு லிட்டரை விட்டுவிட்டு நாள் முழுக்க கேஸில் ஓட்டினால், அந்த ரெண்டு லிட்டரைத்தான் பம்ப் திரும்பத் திரும்பச் சுற்றிச் சூடாக்கிக்கொண்டிருக்கும். முனகல் கேட்டிருக்குமே, ஏசி சத்தத்தில் கவனித்திருக்க மாட்டீர்கள்.

கேஸில் ஓடும்போது பின்சீட்டுக்கடியில் காது கொடுத்துப் பாருங்கள். பம்ப் ஓடினால், கேஸுக்கு மாறியதும் பம்ப்பை நிறுத்துகிற ரிலே போட முடியுமா என்று கிட் போட்டவரிடமே கேளுங்கள். வேறு யாரும் வயரை வெட்டி ஒட்டினால் சில வண்டிகளில் செக் எஞ்சின் லைட் எரியும். ரிலே போட முடியாது என்றால் டேங்க்கில் பத்து லிட்டர் எப்போதும் கிடக்கட்டும். பணம் முடங்குகிறது என்று பார்த்தால், ரெண்டு பம்ப்புக்குக் கொடுத்த பணத்தில் எத்தனை பத்து லிட்டர் வாங்கியிருக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒருநாள் பெட்ரோலில் நல்லா ஓட்டி, பழசை எரித்துப் புதிதாக ஊற்றுவதும் நல்லது.

கேள்வி: எங்கள் 2009 மாடல் காரின் பம்ப் சத்தம் போடுவதற்கு எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்று பனியன் கம்பெனியில் எல்லோரும் சொல்கிறார்கள். நிஜமா அண்ணா?
– வாசகி, திருப்பூர்

பதில்: ஓரளவுக்கு நிஜம், ஆனால் எல்லாவற்றுக்கும் அதன் தலையில் பழியைப் போடுவது சுலபமாகிவிட்டது அம்மிணி. 20 சதவீத எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வர ஆரம்பித்து, இப்போது பெரும்பாலான பங்க்குகளில் அதுதான் கிடைக்கிறது. 2023 ஏப்ரலிலிருந்து தயாரான வண்டிகளின் ரப்பரும் பிளாஸ்டிக்கும் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. உங்கள் 2009 வண்டி அதற்கு முந்தியது.

எத்தனால் செய்வது இரண்டு வேலை. பழைய டேங்க்கில் வருசக்கணக்காகப் படிந்த பிசினைக் கரைத்துக் கிளப்பிவிடும். அது நேராக ஜாலிக்குப் போய் அடைக்கும், சத்தம் வரும். இரண்டாவது, எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்க்குக்குள் தண்ணீர் கொஞ்சம் அதிகமாகச் சேர்ந்துவிட்டால் எத்தனாலும் தண்ணீருமாகப் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதான். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டிக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். தினமும் ஓடுகிற வண்டிக்கு அவ்வளவு வெசனப்பட வேண்டாம்.

ஆக, பம்ப்பை மாற்றுவதற்கு முன் ஜாலியையும் ஃபில்டரையும் மாற்றிப் பாருங்கள். ரப்பர் ஹோஸ்களை வருசத்துக்கு ஒருமுறை விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கொழகொழவென்று இருந்தாலோ மேலே வெடிப்பு விட்டிருந்தாலோ உடனே மாற்றிவிடணும், அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மைலேஜ் கொஞ்சம் குறைவது உண்மைதான். எத்தனாலில் லிட்டருக்குப் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு.

கேள்வி: 1996 மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. திம்பம் மலை ஏறும்போது பாதியில் மூச்சடைத்து நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் விட்டால் தானாக எடுக்கிறது. எம்.பி.எஃப்.ஐ. வண்டியின் கரண்ட் பம்ப் ஒன்று பழைய சாமான் கடையில் மலிவாக வருகிறது, அதைப் போட்டுவிடலாமா?
– காய்கறி வியாபாரி, தாளவாடி

பதில்: அந்தப் பம்ப்பைத் தொடாதீர்கள். கார்புரேட்டருக்கு வேண்டியது கால் பார் அளவுதான். அது 3 பாரில் தள்ளும். கார்புரேட்டரின் மிதவை ஊசி அதைத் தாங்காமல் பெட்ரோல் பொங்கி சூடான எஞ்சின்மேல் வழியும். மலைப்பாதையில் வண்டி தீப்பிடிக்க இதைவிட நேர்வழி கிடையாது.

உங்கள் வண்டியில் பம்ப் எஞ்சினோடு ஒட்டி, கேம்ஷாஃப்ட் தள்ள ஓடுகிறது. 27 கொண்டை ஊசி வளைவை முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாகச் சுமையோடு ஏறினால் எஞ்சின் கொதிக்கிற சூட்டில் பம்ப்புக்குள் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிறது. ஆவியைத் தள்ள, பம்ப்புக்குள் மேலும் கீழும் அசைந்து பெட்ரோலைத் தள்ளும் சவ்வான டயாஃப்ரமுக்குத் தெரியாது. சூடு தணிந்தால் எடுக்கிறது என்பதே அதற்குச் சாட்சி.

பம்ப்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே சூடு தடுக்கிற கனமான பேக்கலைட் அடை ஒன்று உண்டு. பம்ப்பைக் கழற்றியவர் யாராவது அதை விட்டுவிட்டு மாட்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பெட்ரோல் குழாய் சைலன்சர் பக்கம் உரசிப் போனால் தள்ளிக் கட்டுங்கள். ரேடியேட்டர் ஃபேன் சரியாக ஓடுகிறதா என்பதும் முக்கியம். வழியில் நின்றுவிட்டால் பானெட்டைத் திறந்து வைத்து, பம்ப்மேல் மட்டும் ஈரத்துணி போடுங்கள். சைலன்சர் கிளம்பும் இரும்பில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும்.

ஆயில் குச்சியையும் ஒருமுறை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, ஆயில் அளவும் ஏறியிருந்தால் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலுக்குள் இறங்குகிறது. அப்படியானால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் பம்ப்பையும் ஆயிலையும் சேர்த்து மாற்றிவிடணும்.

கேள்வி: பழைய கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், பதினைந்து வருசத்து வண்டி. பம்ப் நல்ல நிலையில் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன் எப்படித் தெரிந்துகொள்வது?
– கல்லூரி மாணவர், நாமக்கல்

பதில்: காலையில் போங்க, விற்பவர் வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைப்பதற்கு முன்னால். சாவியை ஆன் செய்து இரண்டு நொடிச் சத்தத்தைக் கேளுங்கள். சீராக வந்து நின்றால் நல்லது. கரகரவென்று வந்தாலோ, முதல் முறை வராமல் இரண்டாம் முறை வந்தாலோ யோசிக்கணும். ராத்திரி முழுக்க நின்ற வண்டி செல்ஃப் நீளமாக அடித்த பிறகே எடுத்தால் லைனில் பிரஷர் நிற்கவில்லை என்று அர்த்தம். பம்ப்பின் வால்வாகவும் இருக்கலாம், இன்ஜெக்டர் ஒழுகலாகவும் இருக்கலாம்.

பின்சீட்டைத் தூக்கிப் பார்க்கச் சொன்னால் விற்பவர் முகத்தையும் கவனியுங்கள். மூடியைச் சுற்றி சிலிக்கான் பசை தடவியிருந்தால் யாரோ திறந்து, ரிங் மாற்றாமல் ஒட்டியிருக்கிறார்கள். பெட்ரோல் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அடியில் கிடந்தால் பெட்ரோல் போடாமல் அப்படியே வண்டியை ஒரு மேட்டில் ஓட்டி ஏற்றிப் பாருங்கள். அங்கே இழுவை திணறாமல், பின்னால் முனகல் வராமல் ஏறினால் பம்ப்பைப் பற்றி மேலும் கேட்க வேண்டியதில்லை. முனகினால் வேண்டாம் என்று திரும்பி வர வேண்டாம், மோட்டார், ஜாலி, ஃபில்டர் மூன்றின் விலையையும் ஸ்பேர்ஸ் கடையில் கேட்டு வைத்துக்கொண்டு அதைக் கழித்துப் பேசுங்கள்.